எருமையும் கொக்கும்

'இயற்கைச் சமநிலை' என்ற சொற்றொடரை வகுப்பில் கூறியவுடன் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு தராசை நினைத்துக்கொள்கின்றனர். ஒரு தட்டில் புலி, மறு தட்டில் மான். முள் நடுவில் அசையாது நிற்கிறது. மனிதன் கை வைத்தால்தான் அது சாயும். கையை எடுத்துவிட்டால் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு இந்தப் படம் போதும். ஆனால் ஒரு காட்டையோ ஏரியையோ காக்கும் பொறுப்பு உண்மையாகவே ஒருவர் கைக்கு வரும்போது, இந்தப் படத்தை நம்பி அவர் செயல்பட்டால் என்ன நேரும்? அதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று ஒன்று உண்டு. இராஜஸ்தானில் பரத்பூர் நகரை ஒட்டியுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வரலாறே அது. விலங்கியல் பயில்வோர் மட்டுமன்றி, நாளை அரசுப் பணிக்குச் செல்லவிருக்கும் பிற துறை மாணவர்களும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே ஈண்டு எழுதுகிறேன்.

ஒரு சதுப்பு நிலத்தின் கதை

கேவலாதேவ் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நீர் தேங்கும். எஞ்சியது புல்வெளியும் புதர்க்காடும். உள்ளேயிருக்கும் சிவன் கோயிலின் பெயரே இடத்தின் பெயராயிற்று. 370-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகியவை மழைக்காலத்தில் நீர் நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டும். குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வாத்தினங்கள் வந்திறங்கும்.

இவ்வளவு பெருமையுடைய இச்சதுப்பு நிலம் இயற்கை தானாகச் செய்ததன்று என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தாழ்வான இவ்விடத்தில் வெள்ளம் தேங்குவது உண்டு என்றாலும், 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணையே இதற்கு ஆதாரம். கம்பீர், பாணகங்கை ஆறுகளின் மழைநீர் அந்த அணையில் தேங்கி, அங்கிருந்து இந்நிலத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் வந்த மன்னர்கள் வாத்து வேட்டைக்காகக் கரைகளும் மதகுகளும் அமைத்து நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். நம் வேடந்தாங்கலும் பாசன ஏரியே என்பதை நினைத்தால் இதில் வியப்பு ஏதும் இல்லை.

ஆண்டுதோறும் நிகழும் சுழற்சி இதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை நீர் வரும். நீரோடு அணையிலிருந்து மீன்குஞ்சுகளும் வரும். நாரைகள் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டும். பனிக்காலம் முழுவதும் நீர் மெல்ல வற்றும். மே, ஜூன் மாதங்களில் சில பள்ளங்களில் மட்டுமே நீர் நிற்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடிக்கும். அடுத்த மழையில் மீண்டும் நிறையும். வற்றுவது இந்நிலத்துக்கு நோய் அன்று, அதன் மூச்சு. வற்றாத நாள் ஒன்று இருக்குமானால் இச்சதுப்பு நிலம் வேறொன்றாகிவிடும்.

இந்தச் சுழற்சியில் இன்னோர் உறுப்பும் இருந்தது. சுற்றுக் கிராமங்களின் எருமைகளும் மாடுகளும், ஏறத்தாழ 2,500 என்று கணக்கு, உள்ளே வந்து மேய்ந்தன. எருமைகள் கழுத்தளவு நீரில் இறங்கிப் புல்லைத் தின்றன. இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. தலைமுறை தலைமுறையாக நடந்தது.

வேட்டையும் நடந்தது. 1938-ஆம் ஆண்டு நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த எண்ணைக் கல்லில் பொறித்து வைத்திருக்கின்றனர். பெருமையாகக் கருதிய காலம் அது. நாடு விடுதலை பெற்ற பின் இந்நிலத்தை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, பறவையியல் அறிஞர் சலீம் அலி முயன்று அதனைத் தடுத்தார். 1956-இல் இது பறவைகள் சரணாலயமாயிற்று. மன்னரின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1981-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்று, 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று.

தேசியப் பூங்கா ஆனதும் சட்டம் குறுக்கே வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் கூடாது. மேய்ச்சலால் நிலம் கெடுகிறது, பறவைகளுக்கு இடையூறு என்பது அன்றைய அறிஞர்களின் கருத்தாகவும் இருந்தது. 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலம் எதுவும் காட்டப்படாத கிராமத்தார் எதிர்த்தனர். மோதல் மூண்டது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். ஒரு பாடநூற் கருத்துக்கு மனித உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

தடைக்குப் பின் நிகழ்ந்தது

நல்வாய்ப்பாக, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-லேயே இங்கு நீண்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. வி. எஸ். விஜயன் தலைமையில் பத்தாண்டுகள் நடந்த ஆய்வு அது. தடைக்கு முன் இரண்டாண்டுகள், தடைக்குப் பின் எட்டாண்டுகள் என்று ஒரே இடத்தை ஒரே முறையில் அளந்து ஒப்பிட முடிந்தது. சூழ்நிலையியலில் இத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. ஒரு நிகழ்ச்சி நடந்த பிறகு ஓடிச்சென்று அளப்பதே நம் வழக்கம். முன்பு என்ன இருந்தது என்பதற்கு அப்போது வாய்வார்த்தைதான் மிஞ்சும்.

மேய்ச்சல் நின்றால் பறவைகள் பெருகும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பாஸ்பாலம் டிஸ்டிகம் என்னும் நீர்ப்புல் ஒன்று உண்டு. கரையோரச் சேற்றில் வேரூன்றி, தண்டைத் தண்ணீரின் மேல் படரவிட்டு, கணுக்கு கணு வேர்விட்டுப் பாய் போல் பின்னிக்கொள்ளும் இயல்புடையது. எருமை தின்றவரை அது கரையோடு நின்றது. எருமை வெளியேறியபின் ஆண்டுக்கு ஆண்டு நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது.

அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தால் ஒரு சூழ்நிலைத் தொகுதி எவ்வாறு இயங்குகிறது என்பது தானே விளங்கும். புற்பாய் மூடியதும் வெயில் நீருக்குள் இறங்கவில்லை. நீருக்கடியில் வளரும் செடிகள் நலிந்தன. அவற்றைத் தின்னும் வாத்துகளுக்கு இரை குறைந்தது. மடிந்த புல் நீரில் அழுகியபோது கரைந்திருந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டது. மீன்குஞ்சுகளுக்கு இது கேடு. இருக்கும் மீனும் புல்லுக்கடியில் மறைந்ததால் நீரில் மூழ்கி இரை தேடும் நீர்க்காகத்துக்கும் அலகால் துழாவும் நாரைக்கும் அகப்படவில்லை. அழுகாத புல்லோ அடியில் படிந்து பள்ளத்தைத் தூர்த்தது. பள்ளம் ஆழம் குறையக் குறையப் புல் வேரூன்றுவதற்கு மேலும் இடம் கிடைத்தது. புல் தனக்கு வேண்டிய நிலத்தைத் தானே ஆக்கிக்கொண்டது என்க. இக்கடைசிப் படியைப் படிப்பவர் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

சைபீரியக் கொக்கின் நிலையும் இதனோடு சேர்ந்தது. மேற்குச் சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து இங்குக் குளிர்காலத்தைக் கழித்த பறவை அது. சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்னும். புற்பாய் தடித்த இடத்தில் அதன் அலகு இறங்காது. எருமை மிதித்துக் கலக்கிய சேறுதான் அதற்கு வாகானது. இக்கொக்குகளைப் பாதுகாக்கவும் என்றே செய்யப்பட்ட ஏற்பாடு அவற்றின் உணவுத் தட்டை மூடியது.

ஆய்வின் முடிவை 1991-இல் வெளியிட்டபோது, எருமை இத்தொகுதியின் ஓர் உறுப்பு. அதனை நீக்கியது கேடாயிற்று என்று கழகத்தார் வெளிப்படையாகவே எழுதினர். அறிவியலாளர் தம் தரப்பு எதிர்பார்த்ததற்கு மாறான முடிவை அளந்து, அதனை மறைக்காமல் அச்சிட்டனர். நம் ஆய்வு மாணவர்கள் எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வரும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அதற்குப் பிறகும் சட்டம் எருமையை உள்ளே விடவில்லை. ஆனால் கிராமத்தார் அனுமதி பெற்று உள்ளே சென்று புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுசெல்லும் வழி ஏற்பட்டது. எருமை செய்த வேலையை எருமைக்குத் தீனி தேடுவோர் அரிவாளால் செய்கின்றனர்.

இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் 4,273 பறவைகளைக் கொன்ற கொடுமை ஒன்று. எந்தப் பறவையையும் தொடாத மேய்ச்சல் தடை மற்றொன்று. முதலாவதன் பின் பறவைகள் ஆண்டுதோறும் வந்தவண்ணம் இருந்தன. இரண்டாவது, பறவைகள் வந்திறங்கும் நீரையே மாற்றியது. வேட்டையைப் புகழ்வது என் நோக்கமன்று. ஒரு தொகுதிக்கு நேரும் அதிர்ச்சி பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு அதன் விளைவைக் கணிக்க முடியாது என்பதே இதிலிருந்து நாம் பெறுவது. அதிர்ச்சி எந்த உறுப்பின்மேல் விழுகிறது என்பதையே கேட்க வேண்டும்.

பொம்மையும் பல்லாங்குழியும்

ஓரிடத்தில் வாழும் உயிர்களையும், அவற்றைச் சூழ்ந்த நீர், மண், காற்று, வெப்பம் ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று 1935-இல் ஆங்கிலேயத் தாவரவியலார் டான்ஸ்லி எழுதினார். இத்தொகுதி எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்பதை விளக்கத் தஞ்சாவூர்ப் பொம்மையை உவமையாகக் கூறலாம். தட்டினால் சாயும், விட்டால் எழும். அடியில் கனம் இருப்பதே காரணம். உயிர்த்தொகுதியில் இந்தக் கனத்தின் இடத்தில் இருப்பது எதிர்ப்பின்னூட்டம். முயல் பெருகினால் அதனைத் தின்னும் விலங்கு பெருகும். அது பெருகினால் முயல் குறையும். முயல் குறைந்தால் அதுவும் குறையும். மாற்றம் தன்னையே தணிக்கும் வழியைத் திறந்துவிடுகிறது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தணிப்பது உடனே நிகழ்வதில்லை; காலதாமதம் ஆகிறது. கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி வாங்கிய தோல்களின் கணக்கைப் பார்த்தால் பனிமுயலும் லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையும் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது தெரிகிறது. சமநிலை என்பது அசையாமை என்று கொண்டால் இது சமநிலையே அன்று. ஊசலாட்டம் ஓர் எல்லைக்குள் நிற்பதே ஈண்டுச் சமநிலை.

பாடநூல்களில் கைபாப் பீடபூமி மான் கதை ஒன்று வரும். அமெரிக்காவின் அரிசோனாவில் 1906-க்குப் பின் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கொன்றதால் மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, 1924-ஐ ஒட்டிப் பசியால் மடிந்தன என்பது அது. சொல்வதற்கு இனிய கதைதான். ஆனால் அதே காலத்தில் அங்கு மேய்ந்த ஆடுமாடுகளும் குறைக்கப்பட்டன. மான்களின் எண்ணிக்கை என்று காட்டப்பட்டதும் ஆளுக்கொரு மதிப்பீடு. 1970-இல் கிரீம் காக்லி இதனைச் சுட்டிக்காட்டினார். ஆகவே அக்கதையை எழுதும் மாணவர்கள் சற்றுக் கவனமாக எழுதுவது நல்லது.

பொம்மை உவமை ஓரளவுக்கே பயன்படும். ஏனெனில் பொம்மைக்கு ஒரே ஒரு நிலைதான் உண்டு. எத்தனை முறை தட்டினாலும் அதே இடத்துக்கு வரும். உயிர்த்தொகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகள் இருக்கக்கூடும். இதற்குப் பல்லாங்குழியே ஏற்ற உவமை. ஒரு குழியில் சோழி கிடக்கிறது. பலகையை மெல்ல ஆட்டினால் குழிக்குள்ளேயே உருண்டு நிற்கும். வேகமாக ஆட்டினால் விளிம்பைத் தாண்டி அடுத்த குழியில் விழும். விழுந்த பின் ஆட்டத்தை நிறுத்தினாலும் பழைய குழிக்குத் திரும்பாது. புதுக்குழியும் அதற்கு ஒரு நிலையே. அன்றியும், குழியில் புழுதி படிந்து ஆழம் குறைந்துவிட்டால், முன்பு தாங்கிய அதே ஆட்டத்தை இப்போது தாங்காது. வெளியே பார்ப்பவருக்குச் சோழி அசையாமல் இருப்பதாகவே தோன்றும். குழி தூர்ந்துகொண்டிருப்பது தெரியாது.

கனடா நாட்டு அறிஞர் ஹாலிங் 1973-இல் எழுதிய கட்டுரையில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். பழைய நிலைக்கு விரைவில் வருவது ஒன்று. எவ்வளவு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டும் அதே தொகுதியாக இருப்பது மற்றொன்று. பின்னதை மீள்திறன் என்கிறோம். எண்ணிக்கை ஓயாமல் ஏறி இறங்கும் தொகுதிக்கு மீள்திறன் மிகுதியாக இருக்கலாம். அமைதியாகத் தோன்றும் தொகுதிக்கு அது மிகக் குறைவாகவும் இருக்கலாம்.

பரத்பூரில் புற்பாய் தன் நிலத்தைத் தானே ஆக்கிக்கொண்டது என்று மேலே குறித்தோமல்லவா? அதுவே அடுத்த குழி. அங்கே பின்னூட்டம் மாற்றத்தைத் தணிக்கவில்லை, வளர்த்தது. எருமை ஆண்டுதோறும் செய்த சிறு குலைவு, சோழி எந்தக் குழியில் இருக்கிறதோ அந்தக் குழியைத் தூர்வாரிக்கொண்டிருந்தது எனலாம்.

ஆழமில்லாத ஏரிகளில் இதனை இன்னும் தெளிவாகக் காணலாம். நெதர்லாந்தின் வெலுவே ஏரியில் 1960-களின் இறுதியில் சாக்கடையோடு வந்த பாஸ்பரஸ் சத்து மிகுந்து, நீர் கலங்கிப் பச்சையாயிற்று. அடியில் வளர்ந்த செடிகள் மறைந்தன. கழிவைக் குறைத்தனர். உடனே தெளியவில்லை. பாஸ்பரஸ் கலக்கம் தொடங்கிய அளவுக்குக் கீழே இறங்கிய பின்னும் ஏரி கலங்கியே கிடந்தது. காரணம், செடி இல்லாத அடிமண்ணை பிரீம் என்னும் மீன்கள் கிளறிக்கொண்டேயிருந்தன. நீர் கலங்கியிருந்ததால் செடி முளைக்கவில்லை. 1990-களில் அம்மீன்களைப் பெருமளவில் பிடித்து அகற்றிய பிறகே நீர் தெளிந்து செடிகள் பரவின. போன வழியே திரும்பிவர முடியாது. திரும்புவதற்கு வேறு வழி, அதுவும் செலவு மிக்க வழி.

எந்த உயிர் எதைத் தாங்குகிறது?

எல்லா உறுப்புகளுக்கும் தொகுதியில் சம பங்கு இல்லை என்பதைக் கடற்கரைப் பாறை ஒன்றில் நிறுவியவர் ராபர்ட் பெய்ன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மக்கா வளைகுடாவில், 1963 முதல், ஒரு சிறு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். அவை தின்றுவந்த மட்டிச் சிப்பிகள் பரவி மற்றவற்றை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆயின. கொன்று தின்னும் ஒன்று இருப்பதால்தான் மற்றவற்றுக்கு இடம் கிடைத்தது. கட்டட வளைவின் உச்சியில் இறுக்கிவைக்கும் முடிகல்லுக்கு அவர் இதனை ஒப்பிட்டார்.

கடல் நீர்நாயின் செய்தி இன்னும் சுவையானது. வடபசிபிக் கரையெங்கும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 1911-இல் பன்னாட்டு உடன்படிக்கை வந்தபோது மிகச் சிலவே எஞ்சியிருந்தன. பின்னர் சில தீவுகளில் பெருகின, சிலவற்றில் இல்லை. எஸ்டிஸ், பால்மிசானோ என்னும் இருவர் அலூசியன் தீவுகளில் இவ்விரு வகைக் கடல்களையும் ஒப்பிட்டு 1974-இல் எழுதினர். நீர்நாய் இருந்த அம்சிட்கா தீவைச் சுற்றிக் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசி காடாக வளர்ந்திருந்தது. நீர்நாய் இல்லாத ஷெம்யா தீவைச் சுற்றிக் கடல் முள்ளெலிகள் பாசியை மேய்ந்து பாறையை மொட்டையாக்கியிருந்தன. நீர்நாய் நாள்தோறும் தன் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தின்னும். முள்ளெலி அதற்கு விருப்பமான இரை. 1990-களில் அங்கு நீர்நாய்கள் மீண்டும் வேகமாகக் குறைந்தன. கொலைத் திமிங்கிலங்கள் அவற்றைத் தின்னத் தொடங்கியதே காரணம் என்று எஸ்டிஸ் குழுவினர் 1998-இல் எழுதினர். நீர்நாய் குறைந்த இடங்களில் முள்ளெலிக்காடு திரும்பியது. ஆழ்கடலில் நேர்ந்த ஏதோ ஒரு மாற்றம் கரையோரப் பாசியில் வந்து முடிந்தது.

இனங்கள் பல இருந்தால் நிலைத்தன்மை மிகும் என்று 1950-களில் எல்டன் முதலியோர் கூறினர். 1972-இல் ராபர்ட் மே கணித வழியில் சென்று, உறுப்புகள் மிகுந்து அவற்றிடையே பிணைப்புகள் தாறுமாறாகப் பெருகினால் தொகுதி எளிதில் குலையும் என்று காட்டியபோது பலர் திகைத்தனர். இவ்விரண்டும் பொருந்தாதவை அல்ல. இயற்கையில் பிணைப்புகள் தாறுமாறாக இருப்பதில்லை. பெரும்பாலானவை மெல்லிய பிணைப்புகள். மேலும் ஒரே வேலையைச் செய்யும் இனங்கள் பல இருந்தால், ஒன்று வறட்சியில் சோரும்போது மற்றொன்று ஈடுசெய்யும். பல நெல் வகைகளைப் பயிரிட்ட நம் பழைய உழவர்களுக்கு இது தெரியாததன்று. பரத்பூரிலோ, புல்லை நீருக்குள் இறங்கித் தின்னும் வேலைக்கு எருமை ஒன்றைத் தவிர வேறு ஆள் இல்லை. அதனால்தான் அது போனதும் இடம் வெறுமையாயிற்று.

தொகுதி விளிம்பை நெருங்குவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்பது இப்போது பலர் ஆராயும் பொருள். நலிந்த உடம்பு சிறு காய்ச்சலிலிருந்தும் தேறுவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளும். அதுபோல, விளிம்பை நெருங்கிய தொகுதி சிறு குலைவிலிருந்தும் மெல்லவே மீளும் என்பது கொள்கை. விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் எல்லையிலுள்ள பீட்டர் ஏரியில் கார்ப்பென்டர் குழுவினர் 2008 முதல் பெரிய இரைதின்னி மீன்களைச் சிறிது சிறிதாக விட்டு அதன் உணவு வலையையே மாற்றினர். மாற்றம் முற்றுப்பெறுவதற்கு ஓராண்டுக்கும் முன்பே நீரின் பச்சையம் ஏறி இறங்கும் போக்கில் அந்த அடையாளம் தென்பட்டது என்று 2011-இல் எழுதினர். ஆனால் அவர்கள் நாள் தவறாமல் அளந்தார்கள். பக்கத்திலேயே மாற்றாத ஏரி ஒன்றையும் ஒப்பீட்டுக்காக வைத்திருந்தார்கள். அளக்காத ஏரியில் எந்த அடையாளமும் தெரியப்போவதில்லை.

நீர் நின்றபோது

பரத்பூரின் கதை புல்லோடு முடியவில்லை. கம்பீர் ஆற்றின் குறுக்கே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்தது. மழை குறைந்த ஆண்டுகளில், 2004-ஐ ஒட்டி, அந்த நீரைப் பூங்காவுக்குத் திறப்பதை அணைப்பகுதி உழவர்கள் எதிர்த்தனர். அவர்களுடைய வயலும் காய்ந்துதான் கிடந்தது. பூங்காவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 55 கோடி கன அடி நீர் வேண்டும். வந்தது அதில் சிறு பகுதி, சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. நீரில்லாத இடத்தில் பாஸ்பாலம் தானாகவே ஒழிந்தது. ஆனால் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது நமக்கு நன்கு அறிமுகமான சீமைக்கருவேலம். கூடு கட்டிய பறவைகள் மிகவும் குறைந்தன. சோழி மூன்றாவது குழிக்குப் போயிற்று.

இந்தமுறை வேலி போட்டு விலக்கவில்லை. சுற்றுக் கிராமத்தாருடன் உடன்பாடு செய்துகொண்டு, சீமைக்கருவேலத்தை வேரோடு பறித்து விறகைத் தாமே எடுத்துக்கொள்ள 2007 முதல் அனுமதித்தனர். 1982-இல் துப்பாக்கியை எதிர்கொண்ட அதே ஊர்களின் மக்கள் கடப்பாரையோடு உள்ளே சென்றனர். நல்ல மழை பெய்து நீர் வந்த ஆண்டுகளில் நாரைகள் திரும்பிவந்து கூடு கட்டின. வறண்ட ஆண்டுகளை இத்தொகுதி தாங்கிக்கொள்ளும் என்பதற்கு அது சான்று. நீர் ஓரளவேனும் திரும்பிவந்தால்தான் தாங்கும் என்பதற்கும் அதுவே சான்று.

சைபீரியக் கொக்குகள் திரும்பவில்லை. 1960-களின் நடுவில் ஏறத்தாழ 200 வந்தன. 2001-02 குளிர்காலத்தில் வந்த ஓர் இணைதான் கடைசி. இதற்குப் புற்பாயை மட்டும் குற்றம் சொல்வது பொருந்தாது. ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் வழிநெடுக வேட்டை நடந்தது. தடைக்கு முன்பே எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தது. குறைந்துபோன ஒரு கூட்டத்துக்கு வந்திறங்கும் இடத்திலும் உணவு கடினமாயிற்று என்ற அளவுக்கே சொல்லலாம்.

பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றுக் குழாய்த் திட்டத்திலிருந்தும் பூங்காவுக்கு நீர் கொண்டுவரப்பட்டது. கன அடிக் கணக்கில் இது பழைய ஆற்றுநீருக்கு ஓரளவு ஈடாகும். ஆனால் முன்பு ஆறு நீரை மட்டும் கொண்டுவரவில்லை. அஜான் அணையில் முட்டையிட்டுப் பொரித்த மீன்குஞ்சுகளையும், செடிகளின் விதைகளையும், வழியில் அள்ளிய வண்டலையும் கொண்டுவந்தது. கூட்டில் இருக்கும் நாரைக்குஞ்சின் இரை அந்த நீரோடு வந்ததுதான். குழாயில் வரும் நீரில் இவை வருவதில்லை.